ஜமுக்காளத்தை எடு மேன்

ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒரு சின்னக் கதை... கேட்டுவிட்டு அப்புறம் கை தூக்குங்கள். பின்வரிசையில் பேச்சு வேண்டாம்.

பெரம்பூரில் கிளாரன்ஸ் ரொசாரியோ என்று ஒரு பாடகர். ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன விருந்துகளில் கிதாரோடு ராக், கன்ட்ரி பாடியவர். இசைத்தட்டு, கேசட், சிடி எல்லாவற்றிலும் குரலைப் பதித்தவர். அவரிடம் ஒரே ஒரு குறை. பாடும்போது வலது கால் தரையை உதைக்கும். டக்... டக்... அந்தச் சத்தம் பதிவாகாமலிருக்க, எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் காலுக்கடியில் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போடுவார்கள்.

எழுபது வயதுக்கு மேல், தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு, கடைசி ஆல்பத்துக்கு வந்தார். ஒரு பாட்டுத்தான் பாக்கி. அதன் கடைசி வரி... உச்சத்தில் குரல் உடைகிறது. மறுபடி பாடினார். மறுபடி உடைந்தது. உடைந்த இடத்தில் தாளமும் தவறி, நின்றுவிடுகிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளர் தருண் சொன்னான்: "தப்பா நினைக்காதீங்க அங்கிள். இதே பாட்டை நீங்க சின்ன வயசுல பாடின கேசட் இருக்கு. அந்த வரியை மட்டும் எடுத்து ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் மேன்."

"இன்னிக்கு முடிச்சாகணும். இன்னும் ஒரே ஒரு டேக். வரலைன்னா... கேசட்தான்."

என்ன செய்தார்? கெஞ்சினாரா? கோபித்துக்கொண்டு கிளம்பினாரா? இல்லை. குனிந்து காலைப் பார்த்தார்.

"இந்த ஜமுக்காளத்தை எடு மேன்."

"ஐயோ, சத்தம் மைக்ல விழும் அங்கிள்!"

"விழட்டும். நான் விழாம இருக்கணும்ல?"

சிவப்பு விளக்கு எரிந்தது. வெறும் பலகைத் தரை. டக்... டக்... கடைசி வரி வந்தது. குரல் ஏறியது... ஏறியது... உடைந்தது! தருணின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் டக்... டக்... கால் நிற்கவில்லை. குரல் இல்லாத இடத்தில் கால் மட்டும். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு குரல் திரும்பி வந்தது. கரகரப்பாக, தாழ்வாக... ஆனால் தாளத்தில். வரியை முடித்தது.

"அங்கிள்... நடுவுல குரல் போயிடுச்சே."

"போச்சு. வந்துடுச்சுல்ல மேன்?"

ஆல்பம் அப்படியே வெளிவந்தது. கால் சத்தத்தோடு.

இப்போது நம் பாடகர் குழுவுக்கு வருகிறேன். நம் கோவிலின் வைர விழாப் பூசைக்கு, யாரோ பாடிப் பதிவு செய்த டிராக்கைப் போட்டுவிடலாம், நாம் வாயசைத்தால் போதும் என்கிறது கமிட்டி. நமக்கு வயதாகிவிட்டதாம். ஆகிவிட்டதுதான்! யார் இல்லை என்றது? ஃபிலோமினாவுக்கு மூச்சு வாங்குகிறது. நான் மேல் ஸ்தாயியில் தடுமாறுகிறேன். அந்த டிராக்கில் பாடுகிறவள் பிசகில்லாமல் பாடுகிறாள். ஆனால் அவள் இந்தக் கோவிலில் ஒருநாளாவது முழந்தாளிட்டிருக்கிறாளா?

குரல் உடைவதில் வெட்கமில்லை. உடையும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவள் தாளத்தை விடாமலிருந்தால், நாம் திரும்பி வந்துவிடுவோம். குழு என்று ஒன்று எதற்கு? அதற்குத்தான்.

சரி. வாயசைக்கப் போகிறவர்கள் கை தூக்கலாம்...

ஒருவருமில்லையா?

நல்லது. காலுக்கடியில் இருக்கும் ஜமுக்காளத்தைச் சுருட்டுங்கள்.