அருவி ஏறிய என் பூட்ஸ்

கையில் மணியோடு என் நேரத்தைக் கத்தரிக்கக் காத்திருக்கும் எங்கள் மீன்பிடிச் சங்கத் தலைவி டல்சி அம்மையார் அவர்களே! எங்கள் முப்பாட்டன் இந்தக் கரைக்குக் கப்பல் ஏறுவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த ஓடைக்கும் இந்த அருவிக்கும் பெயர் சூட்டி வாழ்ந்த மண்ணின் முதல் மக்களே, அவர்தம் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து லாமிங்டன் கேக்கைத் தேங்காய்த் துருவலில் புரட்டிய தாய்மார்களே! வாசலில் சாசேஜ் வறுத்தபடி காதை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கும் தீயணைப்புத் தோழர்களே! பதினோரு ஆண்டுகளாக என் பேச்சைத் தாங்கியும் ஊரைவிட்டு ஓடாத வலைவீரர்களே! உங்கள் எல்லோருக்கும் சங்கச் செயலாளனும் பால்பண்ணைக்காரனுமாகிய மெர்வின் ட்ரெலோரின் காலை வணக்கம்!

என்னது? "சுருக்கமா பேசு மெர்வ்"ஆ? பேசுகிறேனப்பா. சாயங்காலக் கறவைக்குள் முடித்துவிடுவேன். என் மாடுகளுக்கு உன் அளவுக்குக்கூடப் பொறுமை கிடையாது.

அன்பர்களே! இன்று நாம் ஏன் கூடியிருக்கிறோம்? வந்தேறி மீனை எண்ண! ஆராய்ச்சியாளர் ஒருபக்கம், காட்டைக் காக்கும் ரேஞ்சர்கள் ஒருபக்கம், தூண்டில்காரர்களும் கரும்புக்காரர்களும் மறுபக்கம் என்று ஆளுக்கொரு வலையைத் தூக்கிக்கொண்டு, வருடத்தில் இரண்டு நாள் ஒரே சேற்றில் இறங்குகிறோமே, அந்தக் கணக்கெடுப்புக்காக! முதல் நாள் கீழே அணை. மறுநாள் அருவிக்கு மேலே தடாகம்.

அணையிலே என்ன இருக்கிறது? ஜிலேபிக் கெண்டை! அள்ள அள்ளக் குறையாத கெண்டை! அதைத் தொட்டியில் வைத்து அழகு பார்க்க ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்தவர்கள் யார்? நாம்! அலுத்துப்போனதும் அணையிலே கொட்டியவர்கள் யார்? நாம்தான்! கொட்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான். கெண்டை போகவில்லை.

தடாகத்திலே என்ன இருக்கிறது? சிவந்த வாலோடு ஒரு விரல் நீள வானவில் மீன். அந்த ஒரு தடாகத்தை விட்டால் உலகத்தில் அதற்கு வேறு வீடு இல்லை. கெண்டை மேலே ஏறினால் அதை மிச்சம் வைக்காது. இம்மண்ணின் முதல் மக்களான நம் ரேஞ்சர் நெரிடாவின் குடும்பத்தார் காலங்காலமாக அதைப் பிடிப்பதில்லை, பிறரைப் பிடிக்கவும் விட்டதில்லை.

ஆகவேதான் நமக்கொரு சட்டம்: அணையில் நனைந்த பூட்ஸ் அருவி ஏறக் கூடாது. மேலே போக வேறு ஜோடி. அறிவிப்புப் பலகை எழுதியது யார்? நான். பதினோரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியது யார்? நான். பூட்ஸைத் தேய்த்துக் கழுவியது போதாதென்று டல்சி அம்மையாரையே திருப்பி அனுப்பியவன் நான். அவர் இன்னும் மறக்கவில்லை, முகத்தைப் பாருங்கள்!

போன அக்டோபர். இரண்டாம் நாள் காலை. என் மேல்தடாக பூட்ஸுக்குள் கையை விட்டேன். உள்ளே ஜில்லென்று என்னவோ நெளிந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தவளை, வாடகை கொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்! என் மனைவி கிளெனிஸ் சொன்னாள்: "அத விடுங்க மெர்வ், பாவம். நேத்துதான் குடி வந்துச்சு."

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தவளையைத் திரும்ப உள்ளே விட்டு, முந்தின நாள் அணையில் போட்ட பூட்ஸை மாட்டினேன். அதைப் புல்லில் இரண்டு தேய்ப்பு தேய்த்தேன். படிவத்திலே 'பூட்ஸ் மாற்றப்பட்டதா' என்ற கட்டத்தில், 'ஆம்' என்று குறிபோட்டேன்.

ஏன் முறைக்கிறீர்கள்? இதற்கே இப்படியா? இன்னும் இருக்கிறது, கேளுங்கள்.

மீன் போன இடத்தில் அதன் சளியும் செதிலும் சுவடு விட்டுப்போகும் என்பதும், ஒரு குப்பித் தண்ணீரிலேயே அந்தச் சுவட்டை ஆய்வகம் கண்டுபிடிக்கும் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஐந்து வாரம் கழித்து நம் ஆராய்ச்சியாளர் முனைவர் கிர்ஸ்டி இதே ஹாலில் எழுந்து நின்றார். "தடாகத்துல எடுத்த ஆறு குப்பியில ஒண்ணுல ஜிலேபிக் கெண்டையோட சுவடு இருக்கு. மறுபடியும் வந்தா, மழைக்கு முன்னாடி தடாகத்துக்கு மருந்து போட வேண்டியிருக்கும்." மருந்துக்கு வந்தேறி தெரியுமா, வானவில் தெரியுமா? எல்லாம் செத்து மிதக்கும்!

நெரிடா எழுந்தார். "எங்க மீனக் காப்பாத்த எங்க மீனையே கொல்லப் போறீங்களா? கெண்டை தானா அருவி ஏறிச்சா? யாரு கொண்டு போனா?"

யார்? ஊர் உடனே கண்டுபிடித்துவிட்டது. டெர்ரி வோஸ்! நம்மில் யாரைவிடவும் நன்றாக வலை போடத் தெரிந்தவன். என்றைக்கோ ஒரு பார்பெக்யூ விருந்தில், "வெண்ணெயில பொரிச்சா கெண்டையும் தேவாமிர்தம்தான்" என்று விளையாட்டாகச் சொன்னான், அவ்வளவுதான் அவன் குற்றம். வளர்க்கத்தான் மேலே கொண்டுபோய் விட்டான் என்றீர்கள். பேக்கரியில் "டெர்ரி, இன்னைக்கு வாளியில என்ன?" என்றீர்கள். அவன் லாரிக் கதவில் யாரோ மீன் வரைந்தீர்கள். அவன் வலையைச் சுருட்டிச் சங்கத்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். முப்பது வருட நண்பன். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறு நாள் பேசவில்லை, தாய்மார்களே! ஜிலேபிக் கெண்டை முட்டையை வாயில் வைத்து அடைகாக்குமே, அப்படி வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். பதினேழாம் நாள் ரேஞ்சர் கொட்டகைக்குப் போய், நெரிடாவிடமும் கிர்ஸ்டியிடமும் தவளையிலிருந்து சரிக்குறி வரை கொட்டிவிட்டேன். கிர்ஸ்டி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "சுவடு இருந்த குப்பி, நீங்க இறங்கி நின்ன இடத்துல எடுத்ததுதான், மெர்வின்."

மறுபடி போனார்கள். புது பூட்ஸ், புதுக் குப்பிகள், இரவு பகல் வலை, மூன்று தடவை. ஒரு சுவடு இல்லை, ஒரு கெண்டை இல்லை! மருந்து நின்றது. வானவில் மீன் பிழைத்தது! கைதட்டுங்கள், தட்டலாம், அது அவர்களுக்கு உரியது!

ஆனால் அறிக்கையில் என்ன வந்தது? 'மாதிரியில் மாசு' என்று இரண்டே சொல். யாருடைய மாசு? பெயர் இல்லை. அன்றே நெரிடா சொன்னார்: "தடாகம் பிழைச்சிருச்சு மெர்வ். டெர்ரி? அத ஊரக் கூட்டி நீதான் சொல்லணும். உனக்காக நான் சொல்ல மாட்டேன்." பத்து மாதம் ஆயிற்று. இன்றைக்குத்தான் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

டெர்ரி அந்தக் கதவோரம் நிற்கிறான். பத்து நிமிஷம் மட்டும் வந்துவிட்டுப் போ என்று கிளெனிஸ் நேற்றுப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். டெர்ரி! தடாகத்துக்குக் கெண்டையின் சுவட்டைக் கொண்டுபோனவன் நீ இல்லை. நான்! பொய்க்குறி போட்டவன் நான்! உன்னைப் பழித்தபோது வாய் மூடி நின்றவனும் நான்தான்! என்னை மன்னித்துவிடு.

அன்பர்களே, மீன் பொய் சொல்லாது. வலை பொய் சொல்லாது. தண்ணீர் பொய் சொல்லவே சொல்லாது. இந்தக் கணக்கெடுப்பில் பொய் சொல்லத் தெரிந்தது நாம் மட்டும்தான்! ஒரு குறி பொய்யானால் ஒரு தடாகம் போகும். ஒரு மனிதனும் போவான். போக விடலாமா? விடலாமா?

ஆகவே செயலாளர் பதவியை இந்த மேடையிலேயே இறக்கி வைக்கிறேன். அருவிப் பாதையில் நின்று பூட்ஸ் பார்க்கும் வேலையை டெர்ரி ஏற்க வேண்டும் என்று இந்த அவையின் முன் மன்றாடுகிறேன். வேண்டாமென்றாலும் எனக்குக் கேட்க வாயில்லை.

என்ன டெர்ரி? சத்தமாகச் சொல், பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

"முதல்ல உன் பூட்ஸத் தூக்கிக் காட்டுடா, மெர்வ்."

இதோ காட்டுகிறேன். தலைவி அவர்களே, மேஜையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒற்றைக்காலில் நிற்கிற வயதில்லை எனக்கு. என்னடா சொல்கிறாய்? ஓரத்தில் சேறா?

"போய்த் தேய்ச்சுட்டு வா. நான் பிரஷ் எடுத்துட்டு வாசல்ல நிக்கிறேன்."

கேட்டீர்களா, வாசலில் நிற்கிறானாம்! பேசிய என்னைப் பொறுத்தருளிய தலைவிக்கும், பத்து மாதம் காத்திருந்த நெரிடாவுக்கும், கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். வழி விடுங்கள் தாய்மார்களே, வரிசையில் முதல் ஆள் நான்.