சிவப்பு எரிந்தால் இறங்காதே

பொம்மை ரயிலுக்கு விளக்கு வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, தம்பி. கை நடுங்காமல் இருந்தால் போதும். தலைமுடி அளவுக்குச் செம்புக் கம்பி, மிளகைவிடச் சின்ன பல்பு, கொஞ்சம் பொறுமை. இந்த ஊரில் வசதியான வீட்டு ஆண்கள் நாற்பது வயதிலும் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ரயில் கட்டி, ரிமோட்டில் ஓட்டி விளையாடுகிறார்கள். அந்த ரயில் விளக்கில்லாமல் ஓடினால் அவர்களுக்கு மனசு ஆறுவதில்லை. அப்போது கான் ஹொய் சந்துக்குள் என் வீட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள். விளக்குக்காரக் கிழவன் வீடு எது என்று கேட்டால் காப்பிக் கடைக்காரியே கையைக் காட்டிவிடுவாள்.

என் பெயர் கஸ்தோன். வயது அறுபத்தொன்று. பிரெஞ்சு ஆட்சியில் இங்கே வந்த பாண்டிச்சேரிக் குடும்பம், நான் பிறந்தது இங்கேதான். போன வியாழக்கிழமை என் வீட்டில் தீப்பிடித்ததைப் பற்றிப் போலீஸ் அதிகாரி கேட்டதற்கெல்லாம் இந்த ஊர் மொழியிலேயே பதில் சொல்லிவிட்டேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும், வீட்டு மொழியில்தான் எழுத வரும் என்று சொல்லிக் காகிதம் கேட்டேன். மொழிபெயர்க்கச் சென்னைக்காரத் தம்பி ஒருவர் வருவார் என்றார்கள். அதனால்தான் உங்களைத் தம்பி என்கிறேன்.

தீ வைத்தது நானில்லை. பக்கத்து வீட்டில் சார்ஜ் போட்டிருந்த பைக் பற்றிக்கொண்டு, நடுச்சுவர் வழியாக எங்கள் பக்கம் வந்தது. எனக்கு நெருப்பென்றால் பயம். பொதுவாகவே நான் பயந்தவன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் புரியும்.

என் தங்கை பொலேத்துக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து காது போயிற்று. போர் முடிந்து ஊர் கைமாறிய வருஷம் அது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டரே ஊரைவிட்டுப் போயிருந்தார். அடுத்த வருஷம் அம்மாவும் ரோஜே அண்ணனும் பிரான்சுக்கு விமானம் ஏறினார்கள். மூன்று மாதத்தில் உங்களையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார் அம்மா. கூப்பிடவில்லை. அப்பா காத்திருந்து காத்திருந்து செத்துப்போனார். தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வழியனுப்பி வழியனுப்பி, யாராவது கையில் பையை எடுத்தாலே எனக்குப் பயம் வந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

மிஞ்சியது பொலேத். அவளுக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியும், ஆனால் தமிழ் மட்டும்தான். இந்த ஊர் மொழியில் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். ஏற்ற இறக்கம் உதட்டில் தெரியாதே. ஆக, ஒரு கோடி பேர் வாழும் நகரத்தில் அவள் புரிந்துகொள்ளக்கூடிய வாய் என் வாய் ஒன்றுதான். இது அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். எனக்கு ஆறுதலாக இருந்தது.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி குறுகலாக, நீளமாகப் போகும். கீழே என் பட்டறை, சமையல், குளியலறை. மேலே அவள் அறை. முழங்கால் வலியால் எனக்கு அடிக்கடி படியேற முடியாமல் போனபோது, அவளைக் கூப்பிட ஒரு வழி தேவைப்பட்டது. சுவரில் பல்பு மாட்டலாம்; முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரியாது. ரயில் ஓடினால் தரை அதிரும், அவள் பாதத்துக்குத் தெரிந்துவிடும். படி முடியும் இடத்திலிருந்து அவள் கட்டில் கால் வரைக்கும் நேராகத் தண்டவாளம் போட்டேன்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாக மொழிபெயருங்கள். ரயில் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வெள்ளை எரியும், பின்பக்கம் சிவப்பு. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் திசை மாறினால் விளக்கும் மாறிக்கொள்ளும். அவளை நோக்கி வந்தால் அவளுக்கு வெள்ளை தெரியும்: கீழே வா. அவளைவிட்டு விலகிப் படிப்பக்கம் போனால் அவளுக்குச் சிவப்பு தெரியும்: இறங்காதே, நான் வந்து சொல்கிறவரை இரு. ரயில் நின்ற பிறகும் கடைசியாகக் காட்டிய நிறம் அணையாமல் இருக்கும்படி தனியாக ஒரு மின்சுற்று செய்து வைத்தேன். அது என் சொந்த வேலை, கடையில் கிடைக்காது. பொலேத் அன்றைக்குக் கை தட்டிச் சிரித்தாள். "அண்ணே, எனக்கே எனக்குன்னு ஒரு ரயிலா," என்றாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள்.

முதல் சிவப்பு நியாயமான சிவப்பு. ஆற்றில் தண்ணீர் ஏறி, சந்துக்குள் வந்து, என் பட்டறையில் முழங்கால் அளவு நின்றது. பிளக்கெல்லாம் தண்ணீருக்குள். நான் மேசை வழியாகப் படிக்கு ஏறிச் சிவப்பு போட்டேன். அவள் இறங்கவில்லை. பிறகு நான் மேலே போய், தண்ணீரில் கரண்டு இருந்தது, காலை வைத்திருந்தால் போயிருப்பாய் என்று சொன்னேன். சிவப்பு எரிந்தால் காலைக்கூடத் தரையில் வைக்காதே, கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி சிவப்பு போட்டேன். ஒரு தடவை பாம்பு என்றேன், ஒரு தடவை குடிகாரன் ஒருவன் உள்ளே வந்துவிட்டான் என்றேன். கீழே நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். முதலில் இருபது நிமிஷம் இருந்தாள். பிறகு இரண்டு மணி நேரம். ஒரு புத்தாண்டு விடுமுறையில் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை இருந்தாள். குளியலறை கீழே இருக்கிறது என்று முன்பே எழுதியிருக்கிறேன். நான் மேலே போனபோது அவள் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லை.

விளையாட்டாகச் செய்யவில்லை, தம்பி. ஆபத்தான நேரத்தில் அவள் சொன்னபடி நடப்பாளா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. தெரிந்துகொண்டேன்.

மாரி-ரோஸ் வந்தது போன கிறிஸ்துமசுக்கு. கோயிலில் நான் பொலேத்துக்குப் பிரசங்கத்தை உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த பெண் திரும்பி, "நீங்க தமிழா?" என்றாள். வுங் டா என்கிற கடலோர ஊரில், எண்ணெய்க் கிணற்று வேலைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். ஐம்பது வயதிருக்கும். கேட்டது என்னை. ஆனால் பொலேத் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமா, நாங்க பாண்டிச்சேரி," என்று அத்தனை சத்தமாகச் சொன்னாள், கோயிலே திரும்பிப் பார்த்தது. இன்னொரு வாய் வந்துவிட்டது.

சனிக்கிழமை தோறும் வந்தாள். நான் சில தடவை சிவப்பு போட்டுவிட்டு, தங்கச்சி தூங்குகிறாள் என்று வாசலிலேயே அனுப்பினேன். அவள் சளைக்கவில்லை. பொலேத்துக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் முகத்தைக் காட்டிப் பேசினாள். இத்தனை வருஷமாக அவளுக்குப் போன் எதற்கு என்று நான் இருந்துவிட்டேன். காது கேட்காதவளுக்கு அது உதவும் என்று தோன்றவே இல்லை. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் சால்டரிங் கோலைக் கீழே வைத்துவிடுவேன். கை நடுங்கினால் என் வேலை போயிற்று.

"அண்ணே, அக்கா இன்னும் கடலையே பாக்கலியாமே," என்றாள் மாரி-ரோஸ் ஒருநாள். "எங்கூட கொஞ்ச நாளு இருக்கட்டும். கடையில கைவேல நெறைய கெடக்கு. படகுல ரெண்டு மணி நேரம்தான, என்னமோ சீமைக்கு அனுப்புற மாதிரி யோசிக்கிறீங்க."

பார்க்கலாம் என்றேன். பொலேத் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. "பத்து நாளு போறேன் அண்ணே. புடிச்சா இருக்கேன். நீயும் வாயேன்," என்றாள்.

நீயும் வாயேன் என்றாள். அதை விட்டுவிடாமல் எழுதுங்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்குப் படகு. தோன் டுக் தாங் தெருப் படகுத்துறையில் மாரி-ரோஸ் காத்திருப்பதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குப் பொலேத் மேலே பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜிப்பு இழுக்கும் சத்தம் எனக்குக் கீழே கேட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டில் டப்பென்று ஏதோ வெடித்தது. சந்தில் ஆட்கள் ஓடினார்கள். சுவரோரம் புகை வந்தது.

நான் சந்து முனைக் காப்பிக் கடையில் இருந்தேன், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அதிகாரியிடம் சொன்னேன். அதுதான் பொய். மேலே ரயில் படிப்பக்கத்தில், கட்டிலுக்குச் சிவப்பைக் காட்டிக்கொண்டு நின்றது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியாது. காலையில் காப்பிக்கு அவளை வெள்ளை போட்டுத்தான் கூப்பிட்டேன். ரயில் கட்டில் காலடியில் நின்றது. அதைத் திருப்ப வேண்டுமென்றால் ரிமோட் வேண்டும். அந்த ரிமோட் எங்கள் வீட்டுத் தளத்தைத் தாண்டி வேலை செய்ய வேண்டுமென்றால், படியில் நான்காவது படிக்கு வந்தாக வேண்டும். காப்பிக் கடையிலிருந்து எட்டாது. இது இந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றாது. தொழில் தெரிந்தவன் நான்தான், நானே சொல்லாவிட்டால் எப்படி?

நான்காவது படியில் நின்றேன். அப்போது படியில் புகை இல்லை. நடந்து இறங்கலாம். ஒரு கிழவி இறங்கியிருக்கலாம். மேலே அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது, முகம் ஜன்னல் பக்கம். எனக்கு ஒரு கணம், புகையைவிட அந்தப் பைதான் பயமாக இருந்தது. இப்போது இறங்கினால் நேராகத் தெருவுக்குத்தான் வருவாள், தெருவிலிருந்து படகுத்துறைக்கு. வீடும் எரிந்துபோகும்; திரும்பி வர இடமே இருக்காது. இதையெல்லாம் அப்போதே யோசித்தேனா, பிறகு யோசித்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. சிவப்பை அழுத்தினேன்.

ரயில் என்னை நோக்கி வந்தது. என் பக்கம் வெள்ளைதான் எரிந்தது. அவள் திரும்பிவிடுவாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது.

எனக்கு உயிர் வந்தது.

வெளியே வந்தேன். கிரில் கதவைச் சாத்தினேனா என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். சாத்தினேன், அது பழக்கம். இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி என் இடுப்பில் இருந்தது. தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்று குழாயை இழுத்தார்கள். பதினோரு நிமிஷம் ஆயிற்று என்று எழுதியிருக்கிறது. மேலே யாராவது இருக்கிறார்களா என்று அடுத்த வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார். இல்லை, ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. அந்தப் பதினோரு நிமிஷத்தில் மூன்று தடவை வாசல் வரைக்கும் போனேன். முதல் தடவை போனபோது படி நன்றாகத் தெரிந்தது. உள்ளே போய் நாலு படி ஏறி வெள்ளையை அழுத்தினால் போதும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாவது தடவை படி தெரியவில்லை.

மேல்மாடிக்குத் தீயே போகவில்லை, புகை மட்டும்தான் போயிற்று. கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஏன் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று யாருக்கும் புரியவில்லை என்றார் அதிகாரி. தண்ணீர் என்று நினைத்திருப்பாள்.

நேற்று மாரி-ரோஸின் போனைக் கொண்டுவந்து என்முன் வைத்தார்கள். பொலேத் எடுத்து அனுப்பிய படம் ஒன்று அதில் இருந்தது. பதினெட்டு வினாடி ஓடுகிறது. பின்னால் புகை. அவள் இருமிக்கொண்டே, ரயில் பக்கம் கையைக் காட்டிப் பேசுகிறாள். "செகப்பு எரியுது, மாரி. எறங்கக் கூடாது. அண்ணன் வரும். வந்ததும் வரேன்." அதற்கு மாரி-ரோஸ் படகுத்துறையில் நின்று பதில் அனுப்பியிருக்கிறாள். முகம் முழுக்க வாய்தான். "எறங்குக்கா, எறங்கு, அதப் பாக்காத, எறங்கு." பொலேத் அதைப் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் விழுந்திருக்கிறது. அவளுக்குப் புரியும் தமிழில், உதடு தெளிவாகத் தெரியும்படிதான் இருந்தது. பார்த்த பிறகும் அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ராத்திரியிலிருந்து எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். என்னை வைத்திருக்கும் இந்த அறையில் எது சிவப்பாக எரிந்தாலும், கதவுமேல் இருக்கும் அந்தச் சின்ன விளக்குக்கூட, பார்க்க முடியவில்லை. துணி போட்டு மூடச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது முதலில் வந்தது பயம் இல்லை. உண்மையை எழுத உட்கார்ந்திருப்பதால் அதையும் எழுதுகிறேன். நிம்மதி வந்தது.

மாரி-ரோஸ் வா என்றாள், நான் இரு என்றேன். இருந்தாள். நாற்பத்து மூன்று வருஷமாக என்னை விட்டுப் போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம், தம்பி. அந்த வரிசையில் பொலேத்தின் பெயர் வராது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், இந்த ஒன்றை மட்டும் சரியாக எழுதிவிடுங்கள். என் தங்கை என்னை விட்டு எங்கேயும் போகவில்லை.