நாலு நிமிடக் கைராசி

காபி போதும் மேடம், இரண்டாவது டம்ளருக்கு மேல் போனால் எனக்கு நெஞ்சு எரியும். நீங்கள் குடியுங்கள். ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்திருக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. வக்கீல் இல்லாமல் வாயைத் திறக்காதே என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள். நடந்ததை நடந்தபடி சொல்ல வக்கீல் எதற்கு? பதிவு ஓடுகிறதல்லவா, நல்லது. பெயர் ரங்கநாதன், வயது ஐம்பத்திரண்டு. கதிரியக்க மருந்து தயாரிக்கும் கம்பெனியில் தலைமை வேதியியலாளர். முந்தாநாள் வரைக்கும்.

மருந்தைப் பற்றி ஃபைலில் படித்திருப்பீர்கள். படித்தால் தூக்கம் வந்திருக்கும், நான் எழுதியதுதான். எளிதாகச் சொல்கிறேன். புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு மூலக்கூறு. அதன் முதுகில் லுட்டீசியம் என்கிற கதிரியக்கப் பொருளைக் கட்டி ஊசியில் ஏற்றினால், கட்டி எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் வீடு தேடிப் போய்ச் சுடும். கேமராவில் படமும் கிடைக்கும், வைத்தியமும் ஆகும். கட்டு அவிழ்ந்துவிட்டால்தான் வம்பு. அவிழ்ந்த லுட்டீசியத்துக்கு எலும்பு என்றால் கொள்ளைப் பிரியம். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு மஜ்ஜையைச் சுடும். மஜ்ஜை போனால் உடம்பில் புது ரத்தம் ஊறாது.

அதனால் மருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் எத்தனை சதவீதம் கட்டுக்குள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் ஈயப் பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். சோதனை என்னவோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற மாதிரிதான். விரல் நீளத்துக்கு ஒரு தாள், அடியில் ஒரு சொட்டு மருந்து. தாளின் நுனியைக் கரைசலில் நிறுத்தினால் ஈரம் மெல்ல மேலே ஏறும். கட்டுக்குள் இருப்பது அடியிலேயே கிடக்கும், அவிழ்ந்தது ஈரத்தோடு உச்சிக்குப் போய்விடும். பத்து நிமிடம் கழித்து எடுத்து, நடுவிலுள்ள பென்சில் கோட்டில் கத்திரிக்கோலால் வெட்டி, இரண்டு துண்டையும் இயந்திரத்தில் வைத்தால் கணக்கு வந்துவிடும்.

அந்த மூலக்கூறு என்னுடையது மேடம். ஒன்பது வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு சீசா என்று சின்ன அளவில் செய்தோம். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று வரும், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பிறகு எங்கள் டைரக்டர் நாகேஷுக்கு ஞானம் பிறந்தது. ஒரே சீசாவில் இரண்டு மூன்று பேருக்குச் செய்து காட்ட வேண்டுமாம், அப்போதுதான் வெளிநாட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பானாம். செய்தோம். அளவு கூடியதும் மருந்தின் கதிர்வீச்சே மருந்தின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தது. எண்பத்தெட்டு வந்தது.

அன்றைக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு தாள் வைத்தேன். நாலாவது நிமிடம் எடுத்துவிட்டேன். ஈரம் பென்சில் கோட்டைத் தொடவே இல்லை, ஆகவே அவிழ்ந்தது அவிழாதது எல்லாம் கீழ்த்துண்டிலேயே தங்கிவிட்டது. கத்திரிக்கோலில் ஒட்டி மேல்துண்டுக்குப் போன துளி நீங்கலாக, இயந்திரம் தொண்ணூற்றெட்டு என்றது, நான் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். என் பதிவேட்டில் ஓர் எண்கூடப் பொய் இல்லை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். தாளை எத்தனை நிமிடம் விட்டோம் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. படிவத்தைத் தயாரித்தது நான்தான்.

எங்களிடம் லவினா என்று ஒரு பெண் இருந்தாள். தொம்மலூர்ப் பெண், கெட்டிக்காரி, டைமர் வைக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அவள் சோதித்த சீசாக்கள் வரிசையாக ஃபெயில் ஆயின, நான் சோதித்தவை வரிசையாகப் பாஸ் ஆயின. ஒருநாள் இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், நான் டைமர் போட்டு ஃபுல்லா டென் மினிட்ஸ் விட்டேன் சார். எனக்கு எய்ட்டி ஃபோர் வருது, உங்களுக்கு நைன்டி எய்ட் வருது. ஒரே சீசா சார், எப்படி சார்?"

"கைராசிம்மா" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று முனைவர் பட்டங்கள் இருக்கிற ஆபீஸ் மேடம். ஒருவராவது தாளை வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. சில டாக்டர் தொட்டால் குணமாகும் என்று நம் ஜனங்கள் பஸ் பிடித்துப் போவார்களே, அந்தப் புத்தி படித்தால் போய்விடுமா என்ன. "ரங்கநாதன் சார், உங்க கை தும்பா லக்கி, இனிமே ஃபைனல் டெஸ்ட் நீங்களே மாடிபிடி" என்று நாகேஷ் தன் கன்னடத் தமிழில் சொல்லிவிட்டார், கடைசிச் சோதனையை இனி நானே செய்துவிட வேண்டுமாம். ஆயுத பூஜை அன்று என் கத்திரிக்கோலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதிர்வீச்சு எண்ணும் இயந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டேன்.

பதினொரு பேருக்கு அந்தப் பெரிய சீசாக்களிலிருந்து மருந்து போயிற்று. நாலைந்து பேருக்கு ரத்த அணுக்கள் இறங்கின. முன்னால் போட்ட கீமோவின் வேலை என்று குறிப்பு எழுதினேன். கமிட்டியில் எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டத்தானே கூட்டுகிறோம்.

பியாட்ரிஸ் டீச்சரை நான் சந்தித்தது அந்தச் சமயத்தில்தான். நோயாளிகளையும் எங்களையும் ஒரு ஓட்டல் ஹாலில் உட்கார வைத்து நாகேஷ் சமோசா கொடுத்தார், அதற்கு ஒரு பெரிய இங்கிலீஷ் பெயரும் வைத்தார். என்னை மேடையேற்றி, பாஸ் போடுகிற கை இதுதான் என்று தூக்கிக் காட்டினார். கீழே இறங்கியதும் ஓர் அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ரிச்சர்ட்ஸ் டவுன், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், குடலில் தொடங்கிய கட்டி ஈரலுக்குப் போயிருந்தது. அதற்குள் இரண்டு ஊசி முடிந்திருந்தது.

"இந்தக் கைதானா தம்பி? ஆண்டவர் இந்தக் கையில வச்சிருக்காரு. எம் பொண்ணு கேத்தரினுக்கு ஜனவரில கல்யாணம். சர்ச்ல நான் நின்னு பாக்கணும். அது போதும் எனக்கு, அதுக்கு மேல அவர் சித்தம்."

"நிக்கலாம் டீச்சர்" என்றேன். மனதாரச் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஊசியும் போயிற்று. நாலாவது, அதாவது கடைசி ஊசி, அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. அன்றைய சீசாவில் இரண்டு பேருக்கு மருந்து. நான் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதால் லவினா சோதித்தாள். எழுபத்தொன்பது. அதுவரை அவ்வளவு மோசமாக வந்ததில்லை. சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் வாருங்கள் என்று அவர்கள் டீச்சரிடம் சொல்ல, டீச்சர் நேரே எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, மருந்து ஃபெயிலாம், அந்தப் பொண்ணு பாத்துச்சாம். நீங்க ஒருதரம் உங்க கையால பாருங்களேன். டிரிப் ஏத்திப் படுக்க வச்சிருக்காங்க, திரும்பிப் போக மனசே இல்லப்பா."

ஒரு வாரம் பொறுத்திருந்தால் டீச்சருக்கு ஒன்றும் குடி முழுகியிருக்காது. எனக்குத்தான் முழுகியிருக்கும். அந்தக் காலாண்டில் நான் லீவில் இருந்தபோது ஏற்கெனவே இரண்டு சீசா ஃபெயில். மூன்றாவதும் பதிவானால் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிற பரிசோதனையையே நிறுத்த வேண்டும் என்பது விதி. ஒன்பது வருஷம் மேடம். தாள் எடுத்துக்கொண்டு போனேன். லவினா மேஜைக்குக் குறுக்கே நின்றாள்.

"வேணாம் சார். அவங்க பிளேட்லெட் போன மாசமே இறங்கியிருக்கு. இன்னொருதரம் போட்டா தாங்க மாட்டாங்க சார், ப்ளீஸ் சார்."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம். தள்ளும்மா."

நாலு நிமிடம். தொண்ணூற்றெட்டு. சிவப்புச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பச்சைச் சீட்டு ஒட்டினேன். டீச்சரின் பங்கு மட்டும் போயிற்று. இன்னொரு நோயாளி அன்று வரவில்லை. சாயங்காலம் டீச்சரிடமிருந்து மெசேஜ் வந்தது, ஸ்தோத்திரம் தம்பி என்று. பதிலுக்குக் கும்பிடு போட்டேன்.

மூன்றாவது வாரம் மூக்கில் ரத்தம் வந்ததாம். பிறகு பல் ஈறில். பிளேட்லெட் எட்டாயிரத்துக்கு இறங்கி, ஏற்றுகிற ரத்தமெல்லாம் கரைந்துகொண்டே போக, நவம்பர் கடைசியில் தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனார். கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குப் போனேன், போகாமல் இருப்பது மரியாதையில்லை. கேத்தரின் என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கடைசி வரைக்கும் உங்களப் பத்திதான் அங்கிள் பேசிட்டிருந்தாங்க, நீங்க இல்லன்னா இத்தன நாள்கூட இருந்திருக்க மாட்டேன்னு." துக்கத்தில் இருக்கிற பெண், அவள் சொல்வதைத் திருத்துவது நாகரிகமாகப் படவில்லை. கையை அவளிடமே கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.

டிசம்பரில் லவினாவுக்கு மெமோ கொடுத்தேன். கவனக்குறைவு, சோதனைகளில் நிலையின்மை. வேலை போயிற்று. அழுவாள் என்று நினைத்தேன். நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். என் தாளை அவள் எடுத்த போட்டோவை நேற்றுக் காட்டினீர்கள், ஈரம் பென்சில் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே நிற்கிறது. சுத்தமான போட்டோ. அந்தப் பெண்ணுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது.

என்னை நீங்கள் கொலைகாரன் என்று எழுதிவிட்டால் எழுதுங்கள். ஆனால் நான் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. மருந்தை நம்பினேன். கைராசி, கைராசி என்று ஊரே சொல்லும்போது, ஒரு கட்டத்தில் நமக்கும் அப்படித்தான் தோன்றிவிடுகிறது. எழுபத்தொன்பது என்று அவள் சொன்னபோது, அது அவள் கையின் கோளாறு என்றுதான் மனப்பூர்வமாக நினைத்தேன். டீச்சருக்குப் போன மருந்து நல்ல மருந்து என்றே நம்பி அனுப்பினேன். இது சத்தியம்.

என்ன கேட்டீர்கள்? அந்த இன்னொரு நோயாளியா? அதெல்லாம் ஃபைலிலேயே இருக்குமே. சரி, சொல்கிறேன். அவர் என் அண்ணன். கூடப் பிறந்தவர், பொம்மனஹள்ளியில் இருக்கிறார், அவருக்கும் அதே நோய், அன்றைக்குத்தான் முதல் ஊசி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சில்க் போர்டு பக்கம் ஆட்டோவில் இருந்தார். டீச்சரின் போனை வைத்ததும் அவருக்குத்தான் போன் செய்தேன். அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போ, இன்றைக்கு வேண்டாம் என்றேன். அவருக்குச் சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னதும் நான்தான். அவருக்கு ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் தாளை எடுத்துக்கொண்டு டீச்சரின் மருந்தைச் சோதிக்கப் போனேன்.

அடுத்த வாரம் அண்ணனுக்கென்று சின்ன அளவில் தனியாக ஒரு சீசா செய்தேன். சோதனையை நான் தொடவில்லை, லவினாவைச் செய்யச் சொன்னேன். பத்து நிமிடமும் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன் மேடம், அவசரப்பட்டுத் தாளை முன்னாலேயே எடுத்துவிடப் போகிறாளே என்று.