கூரைக்கு அடித்த குளிர்ச்சி

மத்தியான வெயிலில் பஸ் கொதித்தது. நீர்வேலியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவள் கேட்டாள்:

“அக்கா, கூரைக்கு அடிச்ச பெயின்ற்றைச் சுரண்டி எடுக்கேலுமோ?”

“ஏன் பிள்ளை? வெயிலைத் தடுக்கிற பெயின்ற் எண்டு மனுசனோடை சண்டை பிடிச்செல்லோ அடிப்பிச்சனி. வேலை செய்யேல்லையோ?”

“செய்யுது. அதுதான் கரைச்சல். தகரம் இப்ப சுடுறேல்லை, வீடு குளுகுளுவெண்டு கிடக்கு. பக்கத்து வீட்டு மச்சாள் குடும்பம் முழுக்க மத்தியானம் சாப்பிட்ட கையோடை தலகணியும் கொண்டு வருகினம். பின்னேரத் தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் போவினம். எனக்கு முதுகு சாய்க்க இடமில்லை. வெளியிலை வேப்பமரத்துக்குக் கீழை விசிறிக்கொண்டு இருக்கிறன்.”

“அவையளையும் தங்கடை கூரைக்கு அடிக்கச் சொல்லன்.”

“சொன்னனான். ‘உங்கடை வீடு பக்கத்திலை இருக்கேக்கை எங்களுக்கு ஏன் வீண் செலவு’ எண்டினம்.”

மூத்தவள் ‘ச்சீ, வெக்கங்கெட்ட சனம்’ என்றாள். கோப்பாயில் இறங்க எழுந்தவள், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

“நீ யோசியாதை பிள்ளை. நாளைக்கு மத்தியானம் வீட்டை வாறன். ஆறுதலாய் இருந்து கதைப்பம்.”