நானூறு கஜம்

ஆர்வில்: இது வேணாம். அடுத்ததை எடு.

மார்லிஸ்: இதோட ஏழாவது துப்பாக்கி ஆர்வில். உன் கல்யாண மோதிரத்தை இதே தெருவுல பத்து நிமிஷத்துல வாங்கினவன் நீ.

ஆர்வில்: அதான் அந்தக் கல்யாணம் ஆறே வருஷத்துல முடிஞ்சுது.

ரஸ்ஸல்: அண்ணே, உட்காருண்ணே. நின்னுக்கிட்டே இருந்தா ஆக்சிஜன் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துடும்.

ஆர்வில்: மூச்சு விடறது மூக்குடா. காலு இல்ல.

ரஸ்ஸல்: காலு நடுங்குதே...

ஆர்வில்: அது உன்னைப் பார்த்து பயந்து நடுங்குது. மார்லிஸ், என் தம்பியை ரெண்டு நிமிஷம் எங்கயாவது கட்டிப் போடேன்.

மார்லிஸ்: சரி, என்னதான் வேணும்? ஒரே வார்த்தையில சொல்லு.

ஆர்வில்: நானூறு கஜம்.

மார்லிஸ்: இங்க இருக்கறது எல்லாமே நானூறு கஜம் போகும்.

ஆர்வில்: தோட்டா போகும். நான் சுடறவனைச் சொல்றேன். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பாறை மேல காட்டாட்டுக் கடா நிக்குது. இந்தப் பக்கம் ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். மூச்சு இல்ல. முட்டி இல்ல. கண்ணு பாதி. கை நடுங்குது. கிட்டப் போக முடியாது. அவன் கையில நீ என்னத்தைக் குடுப்பே?

மார்லிஸ்: பைபிளைக் குடுப்பேன்.

ஆர்வில்: ஹா... ஹ்... சிரிக்க... வைக்காதே...

ரஸ்ஸல்: அண்ணே! குழாயை மூக்குல சரியா வை... மெதுவா... மெதுவா இழு...

ஆர்வில்: விடுடா. சரியாயிடுச்சு. உதைக்காததாக் காட்டு மார்லிஸ். அந்தப் பெரிய மேக்னம்லாம் வேணாம். அதைச் சுட்டா கடா விழறதுக்கு முன்னாடி சுடறவன் விழுவான்.

மார்லிஸ்: அப்ப இந்த ஆறரை எம்எம் துப்பாக்கி. உதை கம்மி. காத்துல அவ்ளோ சீக்கிரம் ஒதுங்காது. தோள்ல அணைக்கற கட்டை மரமில்ல, கார்பன். இருமுறதுக்கு ஒரு கை மிச்சம் இருக்கும், அவ்ளோ லேசு.

ஆர்வில்: ஸ்கோப்பு?

மார்லிஸ்: பதினாறு மடங்கு காட்டும். நடுப்புள்ளி செவப்பா எரியும். வயசான கண்ணுக்கு அது நல்லது. இந்தத் திருகைப் பாரு... நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு. நீ கணக்கு எதுவும் போட வேணாம். தூரத்தை அளந்து திருகிட்டா, குறியை கடா மேலயே வைக்கலாம்.

ஆர்வில்: மூளை மழுங்கினவனாலயும் முடியுமா?

மார்லிஸ்: உன்னை மனசுல வச்சுத்தான் சொல்றேன்.

ஆர்வில்: நல்லது. இதையே எடு. ஆனா தோட்டா ஏத்த இழுக்கற போல்ட் இடது பக்கம் இருக்கணும்.

மார்லிஸ்: இடதா? நீ வலது கைக்காரன் ஆச்சே.

ஆர்வில்: வலது தோளுக்குக் கீழதான் ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தற குழாயைப் பொதைச்சு வச்சிருக்கான். அதுல உதை பட்டா அங்கயே முடிஞ்சுது கதை. இனிமே நான் இடது கைதான்.

ரஸ்ஸல்: நல்லா இருக்குண்ணே. பொறவி இடது கைக்காரன் நானு. சின்ன வயசுலேர்ந்து அப்பாவோட வலது கைத் துப்பாக்கியைக் குறுக்க கையை விட்டு இழுத்துட்டுத் திரியறேன். உனக்கு அறுபத்தாறு வயசுல இடது கைத் துப்பாக்கியா?

ஆர்வில்: பொறாமையாடா?

ரஸ்ஸல்: ஆமா, ரொம்ப.

மார்லிஸ்: இடது ஒண்ணே ஒண்ணு இருக்கு. இரு... இந்தா.

ஆர்வில்: ரஸ்ஸல், நீ புடி.

ரஸ்ஸல்: நான் எதுக்கு? நீதானே சுடப் போறே?

ஆர்வில்: என்னால ரொம்ப நேரம் தூக்க முடியல. என் கையும் உன் கையும் ஒரே நீளம். அப்பா அளவெடுத்துப் பெத்தாரு. புடி. கன்னத்தைக் கட்டையில வை. கழுத்து நீட்டாம ஸ்கோப்பு தெரியுதா?

ரஸ்ஸல்: தெரியுது.

ஆர்வில்: என்ன தெரியுது?

ரஸ்ஸல்: எதிர்க்கடை ஜன்னல்ல... ஒரு பூனை. மீசை தெரியுதுண்ணே.

ஆர்வில்: போல்டை இழு.

ரஸ்ஸல்: ம்...

ஆர்வில்: எப்படி இருக்கு?

ரஸ்ஸல்: வெண்ணெயாட்டம் போகுது. நாப்பது வருஷமா நான் என்னத்தைத்தான் இழுத்துட்டிருந்தேன்னு இருக்கு.

ஆர்வில்: ம்... தோள்ல கட்டை இடிக்குது பாரு. அரை விரக்கடை குறைக்கணும் மார்லிஸ். வயசானா உடம்பு சுருங்கும்.

மார்லிஸ்: செப்டம்பர் வேட்டைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள நீ எவ்ளோ சுருங்கிடுவே?

ஆர்வில்: போற வேகத்தைப் பார்த்தா டப்பாக்குள்ள அடங்கற அளவுக்கு.

ரஸ்ஸல்: அண்ணே... சும்மா இரேன்.

ஆர்வில்: சரிடா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. சந்தோஷமா இரு. உன் அண்ணனுக்குக் கடா வேட்டைச் சீட்டு குலுக்கல்ல விழுந்திருக்கு! முப்பது வருஷம்! வருஷா வருஷம் விண்ணப்பம், வருஷா வருஷம் இல்லைன்னு பதில், ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு புள்ளி. புள்ளி ஏற ஏறக் குலுக்கல்ல வாய்ப்பு கூடும். நடு வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி முப்பது வருஷமா காலியாவே இருக்கு. கடாத் தலையைத் தவிர அதுல எதையும் மாட்ட விடலை நான். பொண்டாட்டி காலண்டர் மாட்டினதுக்கே பெரிய சண்டை.

மார்லிஸ்: கல்யாணம் ஏன் முடிஞ்சுதுன்னு இப்பத்தான் புரியுது.

ஆர்வில்: அதுசரி மார்லிஸ், நம்ம ஹார்லன் கதை என்ன ஆச்சு? புள்ளி எல்லாம் போச்சுன்னு அழுதானே?

மார்லிஸ்: அது... எதுக்கு இப்ப?

ஆர்வில்: சொல்லேன். ரஸ்ஸலுக்கும் தெரியட்டும்.

மார்லிஸ்: ரெண்டு வருஷம் சேர்ந்தாப்புல விண்ணப்பம் போடாம விட்டுட்டான். அப்படி விட்டா சட்டப்படி மொத்தப் புள்ளியும் அழிஞ்சுடும். பத்தொன்பது வருஷம் சேர்த்தது. மறுபடியும் முதல்லேர்ந்து.

ஆர்வில்: பாவம். ஏன் விட்டானாம்?

மார்லிஸ்: மறந்துட்டான்.

ஆர்வில்: மனுஷன் மறக்கறது சகஜம். இல்லடா ரஸ்ஸல்?

ரஸ்ஸல்: ...ம்.

ஆர்வில்: எனக்கு அந்தக் கவலையே இல்ல. கம்ப்யூட்டர் எனக்கு ஆகாதுன்னு எல்லாத்தையும் தம்பி கையில குடுத்துட்டேன். ஏண்டா, உன் பேர்ல ஒரு தடவையாவது போட்டிருக்கியா?

ரஸ்ஸல்: எனக்கு எதுக்குண்ணே? உனக்கு விழுந்தா எனக்கு விழுந்த மாதிரிதான்.

ஆர்வில்: சீட்டு இன்னும் தபால்ல வரலையே?

ரஸ்ஸல்: வரும். அவங்க... மெதுவாத்தான் அனுப்புவாங்க.

ஆர்வில்: வரட்டும், வரட்டும். மார்லிஸ், கக்கூஸ் எங்க?

மார்லிஸ்: பின்னாடி. கரடித் தோலைத் தாண்டி வலது பக்கம்.

ரஸ்ஸல்: நானும் வரேன்.

ஆர்வில்: எதுக்கு, குறி பார்க்கவா? சிலிண்டருக்குச் சக்கரம் இருக்கு, தானா வரும். நீ அந்த உப்புக்கண்டத்தைத் தின்னுட்டு இங்கயே நில்லு.

மார்லிஸ்: ...போயிட்டான். ரஸ்ஸல், எத்தனை நாளைக்குடா இந்தக் கூத்து?

ரஸ்ஸல்: மெதுவாக்கா. கேட்டுடும்.

மார்லிஸ்: கேட்டாத் தேவலை. அந்தப் பலகையைப் பாரு. இந்த வருஷம் நம்ம ஊருல சீட்டு விழுந்தவங்கன்னு நாலு பேரு எழுதியிருக்கேன். மூணு நிஜம். நாலாவது உன் அண்ணன். இந்த அஞ்சு வாரமா வர்றவன் போறவன்லாம் அவனுக்குக் கை குடுக்கறான். இல்லாத சீட்டுக்கு என் கையாலயே பேரு எழுத வச்சியே!

ரஸ்ஸல்: டாக்டர் ஆகஸ்டு தாண்டாதுன்னு சொன்னதுலேர்ந்து அவன் எழுந்திரிக்கவே இல்லக்கா. சோறு தண்ணி இல்ல. அந்த ஆணியைப் பார்த்துக்கிட்டே படுத்துக் கிடந்தான். என்னால தாங்க முடியல. உனக்குச் சீட்டு விழுந்துடுச்சுண்ணேன்னு... வாயில வந்துடுச்சு. உடனே எழுந்து உட்கார்ந்து முட்டை பொரிச்சுக் குடுன்னான்.

மார்லிஸ்: உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ரஸ்ஸல்: எதை? என் பொண்டாட்டி என்னை விட்டுப் போனப்புறம் ரெண்டு வருஷம் குடிச்சுட்டுத் தரையில கிடந்தேன், உன் விண்ணப்பத்தைப் போடவே இல்ல, போட்டேன்னு பொய் சொன்னேன், நீ சேர்த்த இருபத்தஞ்சு புள்ளியும் அழிஞ்சுடுச்சுன்னா? சாகக் கிடக்கறவன்கிட்டயா?

மார்லிஸ்: செப்டம்பர் ஒண்ணாந்தேதி வேட்டை ஆரம்பிக்குது. எங்கடா என் சீட்டுன்னு கேட்டா?

ரஸ்ஸல்: கேக்க... இருக்க மாட்டான்க்கா. அதை நம்பித்தான் சொன்னேன். காலையில எழுந்தா அவன் மூச்சு விடறானான்னு போய்ப் பார்க்கறேன். விட்டா சந்தோஷம். அடுத்த நிமிஷம், ஐயோ செப்டம்பர் வந்துடுமேன்னு இருக்கு. கூடப் பொறந்தவன் அதுக்குள்ள போயிடணும்னு நினைக்கிறேன்க்கா. நான்லாம் என்ன ஜென்மம்?

மார்லிஸ்: அழாதே. மூஞ்சியைத் துடை.

ரஸ்ஸல்: இந்தத் துப்பாக்கிக்காக ரெண்டு கோவேறு கழுதையையும் நேத்து வித்துட்டான். அதுல ஒண்ணு அந்தக் கிழட்டு ஹேசல். அது வண்டியில ஏற மாட்டேன்னு அடம் புடிச்சுது. இவன் அது காதுல ஏதோ சொன்னான், ஏறிடுச்சு. எல்லாம் இல்லாத ஒரு வேட்டைக்கு!

மார்லிஸ்: கட்டையைக் குறைக்க மாட்டேன், குறைச்ச மாதிரி காட்டறேன். ஒரு தடவை கூட சுடாம வச்சிரு. எல்லாம்... முடிஞ்சப்புறம் கொண்டா. நான் திருப்பி எடுத்துக்கறேன். சக்கரச் சத்தம் வருது. வாயை மூடு.

ஆர்வில்: உன் கரடிக்கு வழுக்கை விழுந்துடுச்சு மார்லிஸ். என்னடா, கண்ணு செவந்திருக்கு?

ரஸ்ஸல்: உப்புக்கண்டம்... காரம்.

ஆர்வில்: ஓகோ. சரி, இதையே எடுத்துக்கறேன். கட்டையைக் குறைச்சுடு. ஸ்கோப்பை நீயே மாட்டிக் குடு, இவன் திருகாணி முறுக்கினா முறிச்சுடுவான்.

மார்லிஸ்: இந்தா படிவம். எடுத்துட்டுப் போறவங்க யாரோ அவங்க கையாலயே எழுதணும். பேரு, பொறந்த தேதி, கையெழுத்து.

ஆர்வில்: அவன்கிட்டக் குடு.

ரஸ்ஸல்: கை நடுங்குதா? நீ சொல்லுண்ணே, நான் எழுதறேன்.

மார்லிஸ்: அப்படி முடியாதுடா. அவனேதான் எழுதணும்...

ஆர்வில்: அவன் பேரையே எழுதட்டும். துப்பாக்கி அவனுக்கு.

ரஸ்ஸல்: எனக்கா? என்னண்ணே... உனக்கில்ல சீட்டு விழுந்திருக்கு?

ஆர்வில்: விழுந்துச்சா? நீ வந்து சொன்ன மறுநாளே அந்தச் சீட்டு குடுக்கற அலுவலகத்துக்கு போன் போட்டேன். மூக்குல குழாயோட இருக்கறவன் கார்ல உட்கார்ந்தபடியே சுடலாமா, அனுமதி உண்டான்னு கேக்க. அந்தப் பொண்ணு என் நம்பரைப் பார்த்துட்டு, ஐயா, உங்களுக்கு இந்த வருஷம் எதுவும் விழலையே, உங்க புள்ளி மூணுதானேன்னா. முப்பதும்மான்னேன். இல்லீங்க, மூணுன்னா. எந்த ரெண்டு வருஷம் விட்டுப்போச்சுன்னும் அவளே படிச்சுக் காட்டினா. ரொம்ப நல்ல பொண்ணு. மன்னிப்பு கேட்டா, அவ என்னவோ தப்பு பண்ண மாதிரி.

மார்லிஸ்: அப்ப... அஞ்சு வாரமா உனக்குத் தெரியும்?

ஆர்வில்: உனக்கும்தான் தெரியும் மார்லிஸ். பலகையில என் பேரை மட்டும் கோணலா எழுதியிருக்கே.

ரஸ்ஸல்: அண்ணே... ஏண்ணே ஒண்ணும் கேக்கலை?

ஆர்வில்: முதல் நாள் உன்னைக் கொல்லணும் போல இருந்துச்சு.

மார்லிஸ்: துப்பாக்கிக் கடையில நின்னுக்கிட்டு அப்படிப் பேசாதே.

ஆர்வில்: போனை வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ள நீ விசில் அடிச்சுக்கிட்டே எனக்கு முட்டை பொரிச்சுட்டிருந்தே. நீ விசில் அடிச்சு எத்தனை வருஷமாச்சு? என்ன சொல்றது? தின்னேன். உப்பு ஜாஸ்தி.

ரஸ்ஸல்: திட்டுண்ணே. அடி. இப்படி இருக்காதே... உன் முப்பது வருஷத்தை நான்தான் தின்னுட்டேன். இந்தத் துப்பாக்கியைத் தொட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? எனக்கு வேணாம்ணே.

ஆர்வில்: திட்ட மூச்சு பத்தாதுடா. இருக்கற மூச்சுல ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஜனவரியில உன் பேர்ல முதல் விண்ணப்பம் போடு. உனக்கு இப்ப அம்பத்து மூணு. எனக்கு ஆச்சே, அதே முப்பது வருஷம்னு வை. எண்பத்து மூணு வயசுல உனக்குச் சீட்டு விழும். அப்ப உனக்கும் முட்டி இருக்காது, மூச்சு இருக்காது, கண்ணு பாதிதான் தெரியும். கிட்டப் போக முடியாது. அதுக்குத்தான் நானூறு கஜம். ஆணி அங்கயேதான் இருக்கும்... நடுவுல ரெண்டு வருஷம் மட்டும் விட்டுடாதடா.