பேய்க்கு வைத்த வஞ்சிரம்

பிள்ளைகளே, இன்று பாகூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மணப்பட்டுப் பெண்கள் இருவர் இருந்தார்கள். மீன் விற்றுத் திரும்புகிறவர்கள். காலடியில் காலிக் கூடைகள்.

"தேவி, நேத்து பேய்க்கு வஞ்சிரம் வறுத்துப் படையல் போட்டேன்டி" என்றார் மூத்தவர்.

"எந்தப் பேய்க்கு யக்கா?"

"நம்ம சீரியல் பேய்க்குதான். மொதல்லேர்ந்து மறுபடியும் பாக்குறமே, கண்ண மூடுனா வந்து நிக்குது. புடிச்சத வச்சா போயிடும்ல? கூரை மேல வச்சேன், காக்கா மொத்தமும் தின்னுடுச்சி."

தேவி விழுந்து விழுந்து சிரித்தார். "யக்கா, அது சைவப் பேய்! மீனு வச்சா கோவத்துல நேரா உன் வூட்டுக்கே வரும்!"

மூத்தவர் முகம் வெளுத்துவிட்டது. "போன எடுடி. அது சாவுறதுக்கு முன்னாடி இன்னா துன்னுச்சின்னு பாப்போம். அந்த எபிசோடப் போடு."

இருவரும் போனில் குனிந்தார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்து, நிறுத்து! தட்டுல பாரு, நெத்திலிக் கருவாடு!" என்று கத்தினார் மூத்தவர்.

பஸ்ஸே கைதட்டியது. மூத்தவர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். அடுத்த நொடியே தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! கருவாட்டுக்கே அடங்குற பேய்க்கு வஞ்சிரத்த வச்சிட்டனே!"