மறுவீட்டுச் சொதியும் மாளாத புகையும்

அருவிக்கரையை விட்டுவிட்டு இந்த அரங்கத்தை ஆதரிக்க வந்திருக்கும் அன்புப் பெருமக்களே! அவையை ஆளும் தலைவர், ஐயா பஞ்சாபகேசன் அவர்களே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாலும் முகமலர்ந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் இந்தக் குத்துக்கல்வலசைக்காரி கும்பிடுகிறேன்.

'பழைய புகைக்கு யார் பொறுப்பு?' இது எனக்குத் தந்த தலைப்பு. தலைமுறை தலைமுறையாக நிலக்கரியை எரித்து, ஆலை வளர்த்து, ஆகாயத்தைப் புகைக்கூண்டாக்கி, அழகாய் வாழ்ந்துவிட்டன சில நாடுகள். அந்தக் கரியமில வாயு லேசில் கலையாது. இன்னும் நம் தலைக்குமேல்தான் நிற்கிறது. கேட்டால் என்ன சொல்கிறார்கள்? 'எங்கள் பாட்டன் செய்தது. பாவம், அவருக்கும் தெரியாது!' என்ன அண்ணாச்சி, தலையாட்டுகிறீர்கள்? நியாயமாகத் தெரிகிறதா? பொறுங்கள், உங்களை ஒரு விருந்துக்குக் கூட்டிப்போகிறேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் என் தோழி உமா மகேஸ்வரியின் மகள் அபர்ணாவுக்குக் கல்யாணம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. மறுவீடென்றால் சொதி! தேங்காய்ப்பால் மணக்கும் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி... அங்கே ஒரு அம்மா இப்போதே எச்சில் விழுங்குகிறார்! ஆலங்குளத்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் கிளம்பியவர்கள், குற்றாலத்தில் ஒரு குளியல் போட ஆசைப்பட்டு, சீசன் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். மணி இரண்டாயிற்று. பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முனகவும், உள்ளூர்ச் சொந்தங்களை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார் உமா.

உண்டார்கள், ஐயா! ஊற்ற ஊற்ற உண்டார்கள்! உள்ளே இருப்பது ஒரே அண்டாதான் என்று அவர்களுக்குத் தெரியாது. அதுவரை குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது உமா ஓடிவந்து கெஞ்சினார்: "இந்த ஒரு அண்டாதான் இருக்கு. குத்தாலத்துல இருந்து வேன் கிளம்பிட்டாம், நாப்பது பேரு பசியோட வாராவ. கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க." எல்லார் காதிலும் விழுந்தது. விழுந்த பிறகும் கோமதிசங்கர் அண்ணாச்சி சோற்றில் குழி பறித்துக்கொண்டு சொல்கிறார்: "எனக்கு ரெண்டு கரண்டி ஊத்து தாயி. நான் ஒருத்தன் நிறுத்தியா அண்டா நெறையப் போவுது?"

சிரிக்காதீர்கள்! புகையால் பூமி சுடுகிறது என்று தெரிந்த பிறகும் முப்பது ஆண்டுக்கு மேலாக உலகம் குழி பறித்தது இப்படித்தான்.

அண்டா காலி. வாசலில் வேன் ஹாரன். உமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுவீட்டில் சம்பந்திக்குச் சொதி இல்லையென்றால், அந்தக் குத்தல் பேச்சை அபர்ணா காலமெல்லாம் கேட்கவேண்டும். அடுக்களையில் நின்று அழுதேவிட்டார். முதல் பந்தி என்ன செய்தது? வெற்றிலை போட்டது! "எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர். "ரசத்த ஊத்திச் சமாளிக்கச் சொல்லு. சொதி வயித்துக்கு மந்தம்லா!" என்றார் வயிறு நிறைந்த இன்னொருவர். அடடா, உலக மாநாடுகளில் கேட்ட குரல் மாதிரி இல்லையா?

அப்போது எழுந்தார் மங்களேஸ்வரி மதினி. அவரும் முதல் பந்திதான். "தெரியாமத்தான் தின்னோம், யாரு இல்லேங்கா? ஆனா வயிறு நெறஞ்சது யாருக்கு? நமக்குத்தான! வெத்தலையத் துப்பிட்டு எந்திரிங்க. அவங்கவங்க வீட்டுல இருக்க தேங்காயக் கொண்டாங்க. கோமதிசங்கர் அண்ணாச்சி, தெரிஞ்சே தின்னது நீங்கதான். துருவுறது பூராவும் உங்க பொறுப்பு!"

எழுந்தார்கள்! பட்டுவேட்டியோடு உடைத்தார்கள், துருவினார்கள், பிழிந்தார்கள். வேனில் வந்தவர்கள் பானகம் குடித்து முடிப்பதற்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. மாப்பிள்ளையின் தாயார் முதல் வாய் உண்டு, உமாவிடம் "நல்லாருக்கு மதினி" என்றார். உமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

காரும் ஏ.சி.யும் வைத்திருக்கும் நாமும் ரொம்ப நிமிர வேண்டாம். சூரியகாந்தித் தோட்டத்தில் மழைக்கு வானத்தைப் பார்த்து நிற்கும் விவசாயச் சம்சாரிக்கு முன்னே நாமும் முந்திய பந்திதான். கைதட்டல் அங்கே குறைகிறதே, கவனித்தேன்!

ஆனால் முதல் இலையில் அமர்ந்த நாடுகளே, உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பாட்டனை நாங்கள் பழிக்கவில்லை. அவரைத் திட்டி எங்களுக்கு ஆவதென்ன? அவர் உண்டதில் வளர்ந்தது உங்கள் உடம்பு. வாசலில் பசியோடு நிற்பது எங்கள் பிள்ளைகள். பரிதாபம் வேண்டாம், பத்திய உபதேசம் வேண்டாம், தெரியாது என்ற பல்லவியும் வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டுங்கள். அடுக்களை இந்தப் பக்கம்!

இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு நன்றி. தலைவருக்கும் தாய்மாருக்கும் என் வணக்கம்.